56 வயதில் எடைக்குறைப்பு ஊசி ஆரம்பிக்கலாமா?

மல்லிகைப்பந்தல் (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். வயது 56. பள்ளி ஆசிரியை, இன்னும் சில வருடத்தில் ஓய்வு. உயரம் 155 செ.மீ., எடை 84 கிலோ. மாதவிடாய் நிற்கும்வரை 70, 72 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். நின்ற பிறகு ஏறியது இறங்கவே இல்லை, அதுவும் எல்லாம் வயிற்றில். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2. பிரஷருக்கு ஒரு மாத்திரை, தைராய்டுக்கு ஒரு மாத்திரை. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எலும்பு டாக்டர், "எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள், ஆபரேஷனைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்கிறார். எடை குறைய நடக்க வேண்டும், நடக்க எடை குறைய வேண்டும். இதில் எதை முதலில் செய்ய?

சர்க்கரை டாக்டர், வாரம் ஒருமுறை போடும் மவுன்ஜாரோ என்ற ஊசியை எழுதித் தரட்டுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மகள் "போட்டுக்கோம்மா" என்கிறாள். வீட்டுக்காரர் "இந்த வயசுல இது தேவையா?" என்கிறார். ஏதோ நான் சினிமாவில் நடிக்கப் போவது மாதிரி!

ஐம்பதைத் தாண்டி ஆரம்பித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எத்தனை நாள் போட வேண்டும்? நிறுத்தினால் என்ன ஆகும்? தைராய்டு இருந்தால் போடவே கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், உண்மையா?


ஆழியாறு62 (பொள்ளாச்சி)

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் சகோதரி. எனக்கு 63. 91 கிலோவில் இருந்தேன், இன்று 80. ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன், காலையில் நடை, டீக்குச் சர்க்கரை கிடையாது. அவ்வளவுதான். வாயைக் கட்டினால் வயிறு தானாக இறங்கும். நம் தாத்தா பாட்டி ஊசி போட்டா ஒல்லியாக இருந்தார்கள்? மருந்துக் கம்பெனிக்காரனுக்கு மாதாமாதம் மொய் எழுத வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.


கீழவாசல் (தஞ்சாவூர்)

அண்ணா, உங்கள் 11 கிலோவுக்கு நிஜமாகவே பாராட்டு. ஆனால் தாத்தா பாட்டி விடிவதற்கு முன் வயலில் நின்றார்கள். நாம் ஸ்விக்கிப் பையனுக்குக் கதவு திறக்கத்தான் எழுந்து நிற்கிறோம். தவிர ஒரு ஆணுக்கு 63இல் நடப்பதும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு 56இல் நடப்பதும் ஒன்றில்லை. ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும் இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றில் தங்க ஆரம்பிக்கிறது, தசையும் கரைகிறது. அதே சாப்பாடு, அதே வேலை, ஆனாலும் எடை கூடுகிறது. இதை எத்தனை டாக்டரிடம் சொல்லி, "கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணுங்கம்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் தெரியுமா?

மல்லிகை, எனக்கு 59. வீகோவி என்ற ஊசி போடுகிறேன், அதில் இருக்கும் மருந்தின் பெயர் செமாக்ளூடைட். ஊசி வலி ஒன்றுமே இல்லை. பெரிய மாற்றம் வேறு. மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போதே, நாலு மணிக்கு என்ன பலகாரம் என்று மனது ஓடும். எத்தனையோ வருடமாக ஓடிய அந்த நினைப்பு நின்றுவிட்டது. ஆழியாறு அண்ணனுக்கு ஒருவேளை அப்படி ஒரு நினைப்பே இருந்ததில்லையோ என்னவோ. இல்லாதவர்களுக்கு வாயைக் கட்டுவது சுலபம்தான்.

முதல் சில வாரம் குமட்டல் இருந்தது. அதைவிட மோசம் மலச்சிக்கல், யாரும் வெளியே சொல்லமாட்டேன் என்கிறார்கள். தண்ணீர், கீரை, ராத்திரி ஊறவைத்த உலர்திராட்சை எல்லாம் முன்கூட்டியே ஆரம்பித்துவிடுங்கள்.


காவிரிக் கணக்கு (திருச்சி)

58 வயது, ஓய்வுபெற்ற வங்கி ஊழியன், சர்க்கரை பன்னிரண்டு வருடமாக. மவுன்ஜாரோவில் இருக்கிறேன். 2.5 மி.கி.யில் நாலு வாரம், பிறகு 5. டாக்டர் அதற்கு மேல் ஏற்றவில்லை, எனக்கு அதுவே போதும்.

ஏற்கெனவே கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஊசி தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அபூர்வம். அந்த மாத்திரையோடோ இன்சுலினோடோ சேரும்போதுதான் அப்படித் தாழும். சாப்பாடு பாதியாகிவிட்டது, மாத்திரை பழைய அளவிலேயே போகிறது. ஒருநாள் கை நடுங்கி வியர்த்துப் பார்த்தால் சர்க்கரை 62. டாக்டரிடம் போன அன்றே கிளிமிபிரைடைப் பாதியாக்கினார், பிறகு நிறுத்தியேவிட்டார். ஆரம்பிக்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மல்லிகை அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் பிரஷர் மாத்திரை இருக்கிறதே, எடை இறங்க இறங்க அதுவும் கூடுதலாகிவிடும். எழுந்து நின்றால் தலை சுற்றினால் அளந்து பாருங்கள்.

எண்ணெய்ப் பலகாரம் ஆகவே ஆகாது. ஊசி போட்ட மறுநாள் ஒரு வளைகாப்பில் பிரியாணி சாப்பிட்டேன். மேற்கொண்டு விவரிக்க வேண்டாம். முட்டை நாற்றத்தோடு ஏப்பம் வரும், அது இந்த ஊசியின் அடையாள அட்டை.


மருந்துச்சீட்டு (சேலம்)

மருந்தாளுநராக இருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதையே இங்கும் எழுதுகிறேன்.

சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது கணையத்துக்குச் சொல்லி இன்சுலினைக் கூட்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளைக்குப் "போதும்" என்று சொல்லும். ஆனால் இயற்கையில் சில நிமிடத்தில் சிதைந்துவிடும். செமாக்ளூடைட் அதே வேலையை ஒரு வாரம் செய்யும்படி மாற்றி அமைத்த மூலக்கூறு. மவுன்ஜாரோவில் உள்ள டிர்செபடைட், ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இந்த வகையில் முதலில் வந்த எக்ஸெனடைட் (அமெரிக்காவில் 2005இல் அனுமதி) ஹீலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் நஞ்சில் கண்ட பொருளிலிருந்து பிறந்தது. பல்லி விழும் பலன் பஞ்சாங்கத்தில் இதைப் போடவில்லை!

விலை (2025 டிசம்பர் நிலவரம்): மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது ஒரு வாரக் குப்பி 2.5 மி.கி. 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். பிறகு ஊசிப் பேனாவும் வந்தது. வீகோவி 2025 ஜூனில் வந்தது, நவம்பரிலேயே விலையைக் கணிசமாக இறக்கினார்கள். தொடக்க டோஸ் மாதம் 17,345இலிருந்து 10,850க்கு வந்தது. டிசம்பரில் அதே செமாக்ளூடைட் உள்ள, சர்க்கரை நோய்க்கான ஓசெம்பிக் வந்தது. செமாக்ளூடைட் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சோடு முடிகிறது, நம் ஊர்க் கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன. அவசரம் இல்லாதவர்கள் அதையும் கணக்கில் வைக்கலாம். டிர்செபடைட்டுக்கு இது பொருந்தாது.

வாட்சப் குழுவில் பாதி விலைக்கு வருவதைத் தொடாதீர்கள். போலி ஓசெம்பிக் புழங்குவதாக உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது. பில், பேட்ச் எண், குளிர்பெட்டியில் வந்ததா என்பதைப் பார்த்து வாங்குங்கள்.


மட்டுறுத்துனர்

இழையில் விற்பனை எண் போட்ட பதிவு ஒன்றை நீக்கியிருக்கிறேன். இனி போட்டால் கணக்கும் போகும். டோஸ் எவ்வளவு என்று ஒருவர் மற்றவருக்குப் பரிந்துரைக்கவும் வேண்டாம்.


தென்மராட்சி மகள் (லண்டன்)

மல்லிகை அக்கா, எனக்கு 52. இங்கே நிலைமை வேறு. அரச மருத்துவ சேவை (என்எச்எஸ்) மூலம் மவுன்ஜாரோ கிடைக்கும் என்று 2025 ஜூனில் தொடங்கினார்கள். ஆனால் முதல் வருடம் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எடைக் கணக்கு) 40 அல்லது அதற்கு மேல், அதோடு எடை சார்ந்த வருத்தம் குறைந்தது நாலு இருக்க வேண்டும் என்றார்கள். எங்களைப் போன்ற தெற்காசியர்களுக்கு 37.5. எனக்கு 33. குடும்ப வைத்தியரோடு கதைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. அதனால் பிரைவேட்டாக வாங்கிப் போட்டேன். நன்றாகவே இறங்கியது. பிறகு 2025 செப்டம்பரில் இங்கே விலையைத் தூக்கிவிட்டார்கள். 15 மி.கி. பேனாவின் பட்டியல் விலை 122 பவுண்டிலிருந்து 330. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் என்னால் ஏலவில்லை, நிறுத்திவிட்டேன்.

இரண்டு மூன்று வாரத்தில் பசி திரும்பி வந்தது. சாதாரணப் பசி இல்லை, புட்டும் சொதியும் கனவில் வருகிற பசி. இறங்கியதில் அரைவாசிக்கு மேல் ஏறிவிட்டது. அதனால் தொடங்க முன்னம், எத்தனை வருடத்துக்குக் காசு கட்ட முடியும் என்று வீட்டில் இருந்து கணக்குப் பாருங்கள். டாக்டர் இதைக் கேட்க மாட்டார்.


ஆழியாறு62 (பொள்ளாச்சி)

பார்த்தீர்களா. நிறுத்தினால் திரும்பி வருகிறது. இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். சாகும்வரை ஊசியா?


வட்டார வைத்தியன்

அரசு ஆஸ்பத்திரிப் பொது மருத்துவன். ஆழியாறு ஐயா, கேள்வி நியாயமானது. பதில்: அநேகமாக ஆமாம், குறைந்தது பல வருடம். செமாக்ளூடைட் ஸ்டெப்-1 ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. நிறுத்திய பின் ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. டிர்செபடைட்டிலும் இதே கதைதான். ஆனால் பிரஷர் மாத்திரையை நிறுத்தினாலும்தான் பிரஷர் ஏறுகிறது. அதற்காக அந்த மாத்திரை வீண் என்று நாம் சொல்வதில்லை. உடல் பருமனைச் சோம்பேறித்தனம் என்று பார்ப்பதால்தான் இதற்கு மட்டும் வேறு நியாயம் பேசுகிறோம். ஐயா 11 கிலோ குறைத்தது பெரிய விஷயம். அப்படிக் குறைக்க முடிந்தவர்களுக்கு இந்த ஊசி வேண்டாம். முடியாதவர்கள் என்னிடம் வருகிறவர்களில் அதிகம்.

மல்லிகை அம்மாவின் கேள்விகளுக்கு வருகிறேன். சாதாரணத் தைராய்டுக் குறைபாட்டுக்கு மாத்திரை சாப்பிடுவது தடையே இல்லை. தைராய்டைப் பொறுத்தவரை, மெடுல்லரி என்ற அரிய வகைத் தைராய்டுப் புற்றுநோய் உங்களுக்கோ ரத்த உறவுக்கோ இருந்தால், அல்லது உங்களுக்கு மென்-2 என்ற பரம்பரைச் சுரப்பி நோய் இருந்தால்தான் இந்த ஊசி கூடாது. "தைராய்டு" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். எடை இறங்கியதும் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை மறுபடி பாருங்கள், மாத்திரை அளவு மாறலாம்.

கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும். வேகமாக எடை இறங்கினால் கல் உண்டாகவும் செய்யும். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரையைப் பார்த்துவிட்டுத் தொடங்கவும். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் விடாத வலி, நிற்காத வாந்தி, திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்கல், இதில் எது வந்தாலும் அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஆபரேஷனோ எண்டோஸ்கோப்பியோ என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் ஊசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெறும் வயிறு என்று நீங்கள் நினைப்பீர்கள், உள்ளே முந்தைய நாள் சாப்பாடு கிடக்கும். முழங்கால் ஆபரேஷன் பேச்சில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முழங்காலுக்கென்றே ஒரு ஆய்வு இருக்கிறது, ஸ்டெப்-9, 2024இல் வெளியானது. முழங்கால் தேய்மானமும் உடல் பருமனும் உள்ள 407 பேர், பெரும்பாலும் பெண்கள், சராசரி வயது 56. உங்கள் வயதேதான்! செமாக்ளூடைட் போட்டவர்களுக்கு வலி, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களைவிடத் தெளிவாகவே குறைந்தது. இன்னொன்று 2023இல் வந்த செலக்ட் ஆய்வு. 45 வயதைக் கடந்த, ஏற்கெனவே இதய, ரத்தநாள நோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேர். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. எனவே வீட்டுக்காரர் "இந்த வயசுல தேவையா" என்றால், இந்த வயதுக்காரர்களை வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.


நிமிர்ந்து நட (கோவை)

இவ்வளவு பேர் பேசியும் தசையைப் பற்றிக் கீழவாசல் அக்காவைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். இந்த ஊசி போட்டவர்கள் இப்போது என்னிடம் வர ஆரம்பித்திருக்கிறார்கள். பத்து கிலோ இறங்கியிருக்கும், முகத்தில் சந்தோஷம் இருக்கும், ஆனால் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாது.

தராசு என்ன போனது என்று சொல்லாது. ஸ்டெப்-1இல் சிலருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், குறைந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாதது. டிர்செபடைட் ஆய்வில் கால்வாசி. அதில் தண்ணீரும் உறுப்புகளின் எடையும் சேர்த்தி என்றாலும் தசையும் உண்டு. முப்பது வயதில் போன தசையைத் திரும்பக் கட்டலாம். 56இல், ஈஸ்ட்ரோஜனும் இல்லாமல், அது மலையேற்றம். இதற்கு மேல் ஊசியை நிறுத்தி எடை திரும்பினால், திரும்புவது பெரும்பாலும் கொழுப்புதான். ஒரு சுற்று முடிவில் அதே 84 கிலோ, ஆனால் தசை குறைந்த 84. லண்டன் தங்கையை இதற்காகவாவது ஒரு பிசியோவைப் பார்க்கச் சொல்வேன்.

ஆகவே என்னைக் கேட்டால், ஊசிக்கு முன்னால் உடற்பயிற்சி தொடங்கியிருக்க வேண்டும். ஜிம்முக்குப் போக வேண்டாம். உயரமான நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள், முழங்கால் வலித்தால் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், கடைசித் தடவை சிரமமாக இருக்கும் அளவுக்கு. நடை நல்லதுதான், தசைக்கு அது போதாது.

அடுத்தது புரதம். நம் சாப்பாடு சோறும் மாவும். இரண்டு இட்லியில் நாலு கிராம்தான். உங்களுக்கு நாளைக்கு 65, 70 கிராமாவது வேண்டும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேளுங்கள்). ஊசி போட்ட பிறகு நாலு கவளத்தில் வயிறு நிறைந்துவிடும். அந்த நாலு கவளம் ரசம் சாதமாக இருந்தால் புரதத்துக்கு எங்கே போவது? இலையில் முதலில் கை வைக்க வேண்டியது முட்டை, மீன், பன்னீர், சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர். சோறு கடைசியில், இடம் இருந்தால்.

எலும்பு அடர்த்தி டெக்ஸா ஸ்கேன் இதுவரை எடுத்திராவிட்டால் இப்போது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விட்டமின் டி-யும்.


ஆழியாறு62 (பொள்ளாச்சி)

தசை விஷயம் எனக்கே புதுசு. 11 கிலோவில் நான் எதை விட்டேனோ! நாற்காலியில் கை கட்டி எழுந்து பார்த்தேன். முடிகிறது. ஆனால் வேட்டி சிக்கிக்கொண்டது.


மல்லிகைப்பந்தல் (மதுரை)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். வருடா வருடம் சஷ்டி ஆறு நாளும் பால் பழம் மட்டும்தான். ஊசியோடு இது முடியுமா? அப்புறம் கல்யாண வீடு. நான் இலையில் மிச்சம் வைத்தால் எங்கள் நாத்தனார் மூன்று ஊருக்குச் சொல்லுவார். ஊசி விஷயத்தைச் சொந்தத்தில் சொல்லலாமா வேண்டாமா?


கீழவாசல் (தஞ்சாவூர்)

விரதம்: நான் டாக்டரைக் கேட்டுவிட்டு, முழுப் பட்டினி இல்லாமல் பால், தயிர், பாதாம், வேகவைத்த வேர்க்கடலை என்று மாற்றிக்கொண்டேன். முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே குடிப்பது குறைந்திருக்கும்.

பந்தி: கடைசிப் பந்தியில் உட்காருங்கள், பரிமாறுகிறவர் சொந்தக்காரப் பையனாக இருந்தால் முன்பே கண் காட்டிவிடுங்கள். பாயசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் யாரும் இலையைப் பார்ப்பதில்லை. சொல்வதா வேண்டாமா என்றால், நான் சொல்லிவிட்டேன். "சர்க்கரைக்கு ஊசி" என்றதும் அனுதாபம் வருகிறது. "எடைக்கு ஊசி" என்றால் உபதேசம் வருகிறது. பிறகு ராத்திரியில் தனியாகப் போன் போட்டு, "எந்த டாக்டர்?" என்று கேட்பார்கள். நாத்தனாரும் கேட்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


காவிரிக் கணக்கு (திருச்சி)

காசுக் கணக்கை நான் போட்டுப் பார்த்த விதம்: குறைந்தது இரண்டு வருடத்துக்கான தொகையை எடுத்துவைக்க முடியுமா என்பதுதான். எனக்கு இன்ஷூரன்ஸில் தரமாட்டேன் என்றுவிட்டார்கள், நீங்கள் உங்கள் பாலிசியைக் கேட்டுப் பாருங்கள். நகையை வைத்து ஊசி போடுகிறவர்களையும் கேள்விப்படுகிறேன். அது வேண்டாம்.


மல்லிகைப்பந்தல் (மதுரை)

முடிவு செய்துவிட்டேன். ஆரம்பிக்கிறேன், ஆனால் இந்த வாரமே இல்லை. டெக்ஸாவுக்கும் வயிற்று ஸ்கேனுக்கும் சீட்டு வாங்கியிருக்கிறேன், பித்தப்பைக் கல் இருக்கிறதா பார்க்க. அரைப் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே நாற்காலிப் பயிற்சி போகிறது. விலை விஷயத்தில் மட்டும் டாக்டரிடம் கேட்கப் போகிறேன்: மவுன்ஜாரோவேதானா, காப்புரிமை முடியும் 2026 மார்ச் வரை பொறுத்துச் செமாக்ளூடைட் பார்க்கலாமா என்று. அவர் அவசரம் என்றால் மவுன்ஜாரோ. வீட்டுக்காரருக்கு வட்டார வைத்தியர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "மாரடைப்பு 20 சதவீதமா? அப்ப நானும் போடலாமா?" என்கிறார்.


வட்டார வைத்தியன்

அவரை அழைத்து வாருங்கள், எடையும் இடுப்பும் அளந்துவிட்டுப் பேசலாம். அந்த 20 சதவீதம் ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி கண்டவர்களுக்குக் கிடைத்தது, எல்லோருக்கும் அல்ல. பிஎம்ஐ 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் கூடவே பிரஷர், சர்க்கரை மாதிரி ஏதாவது இருந்தால்தான் எடைக்காக இதை எழுத முடியும். தொப்பை மட்டும் காரணம் ஆகாது.


பழையாறு (நாகர்கோவில்)

இழை முழுக்கப் படித்தேன், நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். அம்மா (61) மவுன்ஜாரோ பேனா போடுகிறார். அடுத்த வாரம் பெங்களூரு போகிறோம், ராத்திரி ரயில். ஐஸ் பெட்டி கட்டாயமா? எங்கள் பக்கம் கரண்டும் அடிக்கடி போகும்.


மருந்துச்சீட்டு (சேலம்)

ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. வெளியே 30 டிகிரிக்குக் கீழே, குப்பி 21 நாள் வரை, போடத் தொடங்கிய பேனா 30 நாள் வரை தாங்கும், எனவே ரயிலில் ஏசி கோச் என்றால் கைப்பையே போதும். இரண்டாம் வகுப்பு, ஜன்னல் ஓரம் என்றால் ஜெல் பையோடு சின்னப் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், மருந்து ஜெல்லில் நேரடியாகப் படாமல் துணியில் சுற்றி. உறைந்த மருந்தைப் போடவே கூடாது, ஃப்ரீசர் பக்கமும் வைக்காதீர்கள். இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும். பயணத்தில் ஊசி நாள் தவறினால் நாலு நாளுக்குள் போட்டுவிடலாம், அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான நாளில் போடச் சொல்லுங்கள். இரண்டு டோஸைச் சேர்த்துப் போட வேண்டாம்.